வீடே பள்ளிக்கூடமானால்

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி புகட்டும் கிறிஸ்தவக் குடும்பங்கள் சில இன்று சென்னையில் உண்டு. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு 14 வயது நிரம்ப வேண்டும். அதுவரை, "நம்மால் குழந்தையின் எதிர்காலம் பாழாகிவிடுமோ?" என்ற அச்சம் தாயை இராப்பகலாக வாட்டும்.

அநுபவம் முதிர்ந்த மற்றொரு தாயின் துணையே அதற்கு மருந்து என்று நாம் கருதுகிறோம். நம் நகரத்துக்கு இது புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் சென்னைப் பாதிரியார் ஒருவரின் மனைவியான அன்னாள் சத்தியநாதன் அம்மையார், வெளியே வர இயலாத ஸ்திரீகளை வீடு தேடிச் சென்று படிப்பித்தார். தாய்மாருக்காக 'நல்ல தாய்' என்ற நூலையும் தமிழில் எழுதினார்.

மூத்த தாயிடம் எதைக் கேட்பது? "எந்தப் புஸ்தகம் வாங்கினீர்கள்?" என்று கேட்பவர்களே அதிகம். "எதைத் தொடங்கிப் பிறகு கைவிட்டீர்கள்? கணக்கு வேண்டாமென்று குழந்தை அழுத அன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பயன் மிகுதி. ஒரு வீட்டில் பலித்த முறை மறு வீட்டில் பலிக்காமற் போகலாம். பட்ட பாடோ எல்லோருக்கும் பாடமாகும். ஆகவே மூத்த தாய்மார் பிள்ளைகளின் மார்க்குகளைச் சொல்லும்போது, தாங்கள் தடுமாறிய நாட்களையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இளைய தாய்க்குத் தைரியம் பிறப்பது அங்கேதான்.