கானாவிலக்கு ஆய்வுக்கூடம் நம்முடையது

கூடலூர் முதல் ஆண்டிபட்டி வரை, போடி முதல் பெரியகுளம் வரை வாழும் நம் மக்களுக்கு,

2020 மார்ச் முதல் வாரத்தில் இந்தியா முழுவதற்கும் கொரோனா பரிசோதனைக்கென்று இருந்த ஆய்வுக்கூடங்கள் 52. தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு. ஒன்று சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட். நூறாண்டு கடந்த நிறுவனம், அது பட்டியலில் இருந்ததில் வியப்பில்லை. இன்னொன்று மதுரையில் இல்லை, கோவையில் இல்லை. நம் கானாவிலக்கில், தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இருந்தது. இதைச் சொன்னால் இன்றும் நம் ஊர்க்காரர்களே நம்புவதில்லை.

2009 பன்றிக்காய்ச்சல் கற்றுக்கொடுத்த பாடத்தால் உருவான ஏற்பாடு அது. கொள்ளைநோய் வந்தபின் ஆய்வுக்கூடம் கட்டக் கிளம்புவது வீண்வேலை என்பதால், 12-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை வைரஸ் ஆய்வுக்கூடங்களை நாடெங்கும் சங்கிலியாக அமைக்கத் தொடங்கியது. மண்டல அளவில் 10, மாநில அளவில் 30, மருத்துவக் கல்லூரிகளில் 120 என்பது திட்டம். ஒரு கூடத்தில் தெரியவரும் புதுக் கிருமி மற்ற கூடங்களுக்கும் உடனே தெரியும். தனியார் ஆய்வகம் நமக்குச் சீட்டு கொடுக்கும். இந்தச் சங்கிலி ஊருக்கே எச்சரிக்கை கொடுக்கும்.

நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வேண்டும். விடிவதற்குள் ஜீப் ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் போய் இருட்டியபின் திரும்பும் நம் பெண்கள், குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் தினமும் மாநில எல்லையைக் கடக்கிறார்கள். காய்ச்சலுக்கு எல்லை தெரியாது. 2018-ல் கோழிக்கோட்டில் நிபா வந்தது. அதன் பிறகும் கேரளத்தில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. டெங்குவில் முதல் ஐந்து நாள் ரத்தத்தில் தேடுவது வேறு, அதற்குப் பிறகு தேடுவது வேறு. மாதிரி ஐந்நூறு கிலோமீட்டர் பயணம் செய்து சென்னை சேர்ந்து முடிவு வருவதற்குள் நோயாளி அந்த ஐந்து நாளைத் தாண்டிவிடக்கூடும்.

ஆனால் இத்தகைய கூடங்கள் திட்ட நிதியில் ஓடுகின்றன. ஆராய்ச்சியாளர்களும் ஆய்வக ஊழியர்களும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். இயந்திரம் வாங்கப் பணம் வரும். அதை இயக்கத் தெரிந்தவர் மூன்றாம் ஆண்டில் வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆராய்ச்சிக்கென்று நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட ஒதுக்காத தேசம் நம்முடையது. 0.64 என்பதுதான் கணக்கு.

அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்து என்ன கண்டோம் என்று கேட்பவர்களுக்குச் சென்னையே பதில். 1956-ல் அங்கே தொடங்கிய காசநோய் சிகிச்சை மையம், நோயாளியை சானடோரியத்தில் அடைக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மாத்திரையால் குணமாகலாம் என்று 1959-ல் நிரூபித்தது. மத்திய அரசு, மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் என நால்வரும் பகிர்ந்து நடத்திய ஆய்வு அது. உலகமே பின்பற்றியது. அதில் பங்கெடுத்தவர்கள் சென்னையின் ஏழை நோயாளிகள்.

நமக்கான ஆய்வுகளும் காத்திருக்கின்றன. ஏலத்தோட்டத்தில் ஆண்டு முழுவதும் பூச்சிமருந்தடிக்கும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தேனியும் இடுக்கியும் சேர்ந்தே ஆராய வேண்டும். தோட்டம் அங்கே, தொழிலாளி இங்கே. ஒரு மாநிலம் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

கூடத்திடமும் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. நம் ரத்தத்தில் கண்டது நமக்கும் தெரிய வேண்டும். எந்த ஒன்றியத்தில் எந்தக் காய்ச்சல் ஏறுகிறது என்பதை, யார் பெயரும் வெளிவராமல், வாரந்தோறும் ஆரம்ப சுகாதார நிலையப் பலகையில் தமிழில் எழுதிப் போடட்டும். ஆராய்ச்சிக்கு மாதிரி கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். புரியும் மொழியில் விளக்கம் பெறவும், வேண்டாம் என்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. விளக்கம் திருப்தியாக இருந்தால் தயங்காமல் கொடுங்கள். ஊர்ப்பெயரையும் தொலைபேசி எண்ணையும் சரியாகச் சொல்லுங்கள்.

அடுத்த கிராம சபையில், நகராட்சி என்றால் பகுதி சபையில், இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள்: தேனி வைரஸ் ஆய்வுக்கூடத்துக்கு நிரந்தரப் பணியிடங்களும் ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடும் வேண்டும். தீர்மான நகலை மாவட்ட ஆட்சியர், சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் மூவருக்கும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள், தோட்டத் தொழிலாளர்கள், ஆசிரியர்கள்