இருப்பு வைக்கச் சொல்கிறார்கள், எதை வைத்து?

கொரோனா காலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே ஆலோசனை: இரண்டு வாரத்துக்கு மளிகை, மாத்திரை, பால் பவுடர் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆலோசனைதான், கையில் காசும் வீட்டில் அலமாரியும் உள்ளவர்களுக்கு.

வடசென்னையில் ஒற்றை அறையில் குடியிருக்கும் தினக்கூலிக் குடும்பத்தில் அன்றைய கூலியில்தான் அன்றைய அடுப்பு எரியும். அண்ணாச்சி கடையில் கால் கிலோ பருப்பு, பத்து ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட், சின்ன பாட்டிலில் அளந்து ஊற்றிய எண்ணெய். இப்படிச் சில்லறையாக வாங்கினால் விலை கூடுதல் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. மொத்தமாக வாங்கக் கையில் காசு இல்லை.

2020 ஏப்ரல் 24 அன்று அறிவிப்பு வந்தது: சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் 29 வரை முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் திறக்காது. நடுவில் இருந்தது ஒரே நாள். 25ஆம் தேதி கடை வாசல்களில் முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு நேரத்தை மாலை 3 மணி வரை நீட்டினார்கள். தொற்றைத் தடுக்கப் போட்ட உத்தரவே நெரிசலை உண்டாக்கியது. தேதியையும் கவனியுங்கள், மாதக் கடைசி. சம்பளக்காரருக்கே கை கடிக்கும் நாள். அதற்குள் ஒரு மாதமாக வேலையில்லாமல் இருந்த கட்டடத் தொழிலாளி எதைக் கொடுத்து வாங்குவார்?

ஏழை வீட்டின் இருப்பு அறை ரேஷன் கடைதான். அங்கே அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு இது. ஆனால் சரக்கு நேரத்துக்கு வர வேண்டுமே! 2021 மே 10ல் ஊரடங்கு தொடங்கியது. நிவாரணமாக 14 பொருள் கொண்ட பையை அரசு தந்தது. ரவை, உளுந்து, புளி, கடுகு, சீரகம், டீத்தூள், சோப்பு என்று சமையலறை தெரிந்த யாரோ போட்ட பட்டியல். ஆனால் அது கைக்கு வந்தது ஜூன் மாதத்தில், கட்டுப்பாடுகள் தளரத் தொடங்கிய பிறகு. ஊரடங்கே இல்லாத 2024 மே மாதத்திலும் பல கடைகளில் பருப்பும் பாமாயிலும் கிடைக்கவில்லை. ஜூனில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். “பருப்பு லோடு வரல, அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலுக்கு, வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவர் கொடுக்கும் விலை இன்னொரு நாள் கூலி.

செய்ய முடியாத காரியம் ஒன்றுமில்லை. 2025ல் மழைக்கு முன்பாக ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கான தானியத்தை ஒரேயடியாகக் கொடுத்துவிடும்படி மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொன்னது. அதேபோல் பருப்பையும் எண்ணெயையும் இரண்டு மாதத்துக்கு முன்கூட்டியே தர மாநில அரசு நிலையான விதி வகுக்க வேண்டும். பொங்கல் பரிசுக்குத் தேதி, நேரம் போட்டு டோக்கன் கொடுக்கிறோமே, அந்த டோக்கனே இதற்கும் போதும், கூட்டம் சேராது. ஊரடங்கை அறிவித்தால் அமலுக்கு வரும் முன் குறைந்தது மூன்று முழு நாட்களாவது வேண்டும். நிவாரணப் பணம் அதற்குள் கைக்கு வந்திருக்க வேண்டும், பின்னால் அல்ல. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்குப் புது ஏற்பாடுகூடத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அவற்றை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. நெருக்கடி நெருங்கும்போது கூடுதலாக ஒரு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது. குழந்தைகளுக்கான பால் பவுடரை மட்டும் யார் கொடுப்பது என்று துறைகள் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

தொற்று மறுபடி வரட்டும், பார்க்கலாம் என்று இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைக்காரர்கள் பால் பாக்கெட்டுக்கு அலைந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், தண்ணீர் தேங்கும் பகுதிகளிலுள்ள ரேஷன் கடைகளில் இந்த அக்டோபரிலேயே இரட்டை ஒதுக்கீட்டைக் கொடுத்துப் பார்க்கலாம்.