மறைந்து நிற்கும் நிபந்தனை

தமிழாசிரியனுக்கு ஆங்கில இலக்கணத்தில் என்ன வேலை என்று இம்மலரைப் புரட்டும் பெரியோர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் என் மாணவர் ஒருவருக்கு நேர்ந்த அனுபவம் இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

தமிழ்வழியில் பயின்று பட்டம் பெற்ற அம்மாணவர் சென்னையில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தார். தேர்வாளர் இறுதியில், ‘வீ வுட் ஹேவ் லைக்டு டு டேக் யூ’ என்று புன்னகையுடன் கூறிக் கைகுலுக்கி அனுப்பினார். ‘உங்களை எடுத்துக்கொள்ள விரும்புகிறோம்’ என்று பொருள்கொண்ட மாணவர், ஊர் திரும்பித் தாயாரிடம் நற்செய்தி சொன்னார். அண்டை வீடுகளுக்கு இனிப்பும் போயிற்று. நாற்பது நாள் ஆணைக்குக் காத்திருந்துவிட்டு என்னிடம் வந்தார். அத்தொடரை அவர் திருப்பிச் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. ‘எடுத்துக்கொள்ள விரும்பியிருப்போம்’ என்பதே அதன் பொருள். ‘இடம் இருந்திருந்தால்’ என்னும் நிபந்தனை சொல்லப்படாமல் மறைந்து நின்றது. அது மென்மையாகச் சொல்லப்பட்ட மறுப்பு.

அம்மாணவர் இலக்கணம் அறியாதவர் அல்லர். நிபந்தனை வாக்கியம் மூவகைப்படும் என்பதையும், ஒவ்வொன்றிலும் ‘இஃப்’ பகுதியில் எந்தக் காலம், மறுபகுதியில் எந்தத் துணைவினை என்பதையும் அட்டவணையாக ஒப்பிப்பார். அவ்வட்டவணையில் வாக்கியத்திற்கு இரண்டு பாதிகள் உண்டு. அன்றாட ஆங்கிலத்திலோ பெரும்பாலும் ஒரு பாதியே வாயிலிருந்து வருகிறது. மறுபாதியைக் கேட்பவர்தாம் ஊகித்துக்கொள்ளல் வேண்டும். இதனை நாம் கற்பிக்கவில்லை என்பதே என் கருத்து.

ஆங்கிலேயர் தேநீர்க் கடையில் ‘ஐ வுட் லைக் எ கப் ஆஃப் டீ’ என்கிறார். ‘கிடைக்குமாயின்’ என்பது உள்ளே நிற்கிறது. பக்கத்திலிருப்பவரிடம் ‘குட் யூ ஓப்பன் த விண்டோ’ என்கிறார். ‘நான் கேட்டால்’ என்பது மறைந்திருக்கிறது. நண்பர் ஒரு காரியத்தில் இறங்க முற்படும்போது ‘ஐ வுடன்ட் டூ தட்’ என்கிறார். ‘உன் நிலையில் நான் இருந்தால்’ என்பது அதன் முற்பாதி. எச்சரிக்கையை அறிவுரை போலும், கட்டளையை வினா போலும், மறுப்பை விருப்பம் போலும் காட்டுவதற்கு அம்மொழியார் கையாளும் கருவி இதுவே.

இதன் காரணம் நோக்கத்தக்கது. ‘வுட்’ என்பது ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவம். ‘குட்’ என்பது ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம். ‘ஷுட்’ என்பது ‘ஷல்’ என்பதன் இறந்தகால வடிவம். இறந்தகாலம் நிகழ்காலத்திலிருந்து விலகியது. அவ்விலகலையே ஆங்கிலம் மெய்ம்மையிலிருந்து விலகிய கற்பனைக்கும், கேட்பவரிடமிருந்து விலகி நிற்கும் பணிவுக்கும் பயன்படுத்திக்கொண்டது.

இறந்தகாலத்தைக் கொண்டு இனி வரப்போவதைச் சொல்வது விந்தை எனத் தோன்றலாம். நம் மொழியை நோக்கின் அவ்விந்தை மறையும். தொல்காப்பியரும் நன்னூலாரும் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ என்பதைக் கூறினர். வரின், காணின், உண்ணின் என்பன அதன்பாற்படும். பிற்காலத்தே பெருவழக்குப் பெற்ற ‘செய்தால்’ என்பதையோ பகுத்துப் பாருங்கள். வந்தால், படித்தால், சென்றால் ஆகிய மூன்றிலும் இறந்தகால இடைநிலை இருக்கிறது. ‘நாளை மழை வந்தால்’ என்கிறோம். நாளை எதிர்காலம், வினையின் அடியோ இறந்தகாலம். இன்னும், நம் இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதும் ஒரு நிபந்தனைத் தொடரே. அதிலுள்ள ‘இன்’ நிபந்தனையைக் குறிப்பது. ‘ஷாஅ’ என்பது இறந்தகால வினை. அரபியின் ‘இன்’னும் ‘செயின்’ என்பதன் ஈறும் உறவுடையன அல்ல. எனினும் தொடர்பற்ற மூன்று மொழிகள் ஒரே வழியில் எண்ணியிருப்பது வியப்புக்குரியது. இத்துணைச் செல்வத்தை வீட்டிலேயே வைத்திருக்கும் மாணவனிடம் ‘இது அந்நிய மொழியின் புதிர், மனப்பாடம் செய்’ என்று சொல்வது முறையாகுமா?

ஒற்றுமையைக் காட்டினால்தான் வேற்றுமையையும் காட்ட இயலும். ‘நேரம் இருந்தால் வருவேன்’, ‘சிறகு இருந்தால் பறப்பேன்’ என்னும் இரண்டிற்கும் தமிழில் வினைவடிவம் ஒன்றே. முன்னது நடக்கக்கூடியது, பின்னது கற்பனை என்பதைப் பொருளால் உணர்கிறோம். ஆங்கிலமோ வினையாலேயே பிரிக்கிறது. முன்னதற்கு ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்’ என்றும், பின்னதற்கு ‘இஃப் ஐ ஹாட் விங்ஸ், ஐ வுட் ஃப்ளை’ என்றும் கூறும். நம் மாணவர் இடறும் இடம் இதுவே. விண்ணப்பத்தில் ‘இஃப் யூ கிவ் மி த ஜாப், ஐ வில் ஒர்க் ஹார்ட்’ என எழுதுகிறார். இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் படிப்பவர் செவிக்கு அது பேரம் பேசுவதுபோல் ஒலிக்கிறது. ‘ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கிவ் மி அன் ஆப்பர்சூனிட்டி’ என்று எழுதியிருந்தால் பணிவு தோன்றியிருக்கும். தமிழில் ‘தாங்கள்’, ‘ஐயா’ என்னும் சொற்கள் சுமக்கும் மரியாதையை ஆங்கிலத்தில் இத்துணைவினைகள் சுமக்கின்றன.

விதியை விதியாக மட்டும் கற்பிப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. ‘இஃப்’ பகுதியில் ‘வில்’ வரலாகாது என்கிறோம். ‘இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் ஹிம்’ என்று ஒருவர் கனிவோடு சொன்னால் அது பிழையன்று. அங்கே ‘வில்’ எதிர்காலத்தைக் குறிக்கவில்லை, கேட்பவரின் இசைவைக் குறிக்கிறது. ‘இஃப் ஐ வேர் யூ’ என்று எழுதுவோரே பேச்சில் ‘இஃப் ஐ வாஸ் யூ’ என்பதும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுத் தத்துவப் பேராசிரியர் ஜே. எல். ஆஸ்டின் 1956ஆம் ஆண்டு ஆற்றிய உரையொன்றில், நிபந்தனை போல் தோன்றி நிபந்தனையே அல்லாத வாக்கியங்களைச் சுட்டிக்காட்டினார். ‘தாகமாக இருந்தால் பானையில் தண்ணீர் இருக்கிறது’ என்று நாம் சொல்வது அவ்வகையே. தாகம் இல்லாவிடினும் பானையில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும்!

ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்பிக்க வேண்டும், தமிழை இடையில் நுழைத்தால் நா தடுமாறும் என்பார் உளர். பேச்சுப் பழக்கத்திற்கு அது பொருந்தலாம். பொருள் நுட்பத்தை உணர்த்தத் தாய்மொழியைவிடச் சிறந்த கருவி இல்லை. தேர்வுக்கு அட்டவணை வேண்டுமே என்பாரும் உளர். வேண்டும், அது வாயிற்படி. வாயிற்படியிலேயே மாணவனை நிறுத்திவிடலாகாது என்பதே என் வேண்டுகோள்.

வாரத்தில் ஒரு பாடவேளை தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் இணைந்து நடத்தட்டும். செய்தி நேர்காணலில் கேட்ட பத்து வாக்கியங்களை மாணவர் எழுதி வரட்டும். ஒவ்வொன்றிலும் ‘சொல்லப்படாத நிபந்தனை யாது?’ என்று வினவுவோம். விடையை முதலில் தமிழில் சொல்லட்டும், பின்னர் ஆங்கிலத்தில் எழுதட்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. இரு துறையாசிரியரும் ஒரே வகுப்பில் அமரும் மனம் ஒன்றே தேவை.

அம்மாணவர் பின்னர் வேறோர் இடத்தில் பணியில் அமர்ந்தார். அண்மையில் என்னைக் காண வந்தபோது, ‘அன்றைக்கே புரிந்திருந்தால் அம்மா இனிப்பு வாங்கியிருக்கமாட்டார், ஐயா’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பிழையற்ற நிபந்தனை வாக்கியம்! நான் சிரிக்கவில்லை. நாம் முன்பே சரியாகக் கற்பித்திருந்தால் என்னும் மற்றொரு நிபந்தனை என் நெஞ்சில் மறைந்து நின்றது.