வண்ணப்படம் ஈரத்தை அளக்காது

இப்போதெல்லாம் விவசாயம் பற்றி எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ட்ரோன் பேச்சுதான். மருந்து தெளிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. கூலிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் அது பெரிய உதவி. 2023 நவம்பரில் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்க மத்திய அரசு ஒப்புதல் தந்ததும் பெரும்பாலும் இந்தத் தெளிப்பு வேலைக்காகத்தான். என் சண்டை வேறு. "மேலே பறந்து ஒரு படம் எடுத்தால் போதும், உங்கள் மண்ணில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவோம்" என்று விற்கிறார்களே, அந்தப் பேச்சோடுதான்.

பாகூர் கொம்யூனில் ஒரு தனியார் நிறுவனம் நடத்திய செயல்விளக்கத்துக்குப் போயிருந்தேன். பத்து நிமிடம் பறந்தது. பிறகு திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிலத்தின் படம். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு விழுக்காடு. "இது எந்த ஆழத்து ஈரம் தம்பி?" என்று கேட்டேன். "அதெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கும் சார்" என்றார் அந்தப் பிள்ளை. கூட்டத்தில் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வண்ணத்தில் வந்தால் எண்ணுக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

கேமரா எதைப் பார்க்கிறது என்று முதலில் பார்ப்போம். சாதாரண கேமரா மண்ணின் நிறத்தைப் பார்க்கிறது. நனைந்த மண் கறுத்துத் தெரியும், காய்ந்த மண் வெளுத்துத் தெரியும். ஆனால் அது மேல்தோலின் சேதி மட்டுமே. இன்னொரு வகைக் கேமரா கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்துப் பிடித்து, பயிரின் பசுமையைக் கணக்கிடுகிறது. பயிர் வெளிறினால் எண் குறையும். ஆனால் பயிர் வெளிறுவது தண்ணீர் இல்லாமல் மட்டுமா? தழைச்சத்து குறைந்தாலும் வெளிறும், பூச்சி விழுந்தாலும் வெளிறும், கடலோரத்தில் உப்பு ஏறினாலும் வெளிறும். வேரில் தண்ணீர் தேங்கினாலும் வெளிறும். தண்ணீர் அதிகமாகி வெளிறிய பயிரைப் பார்த்துவிட்டு இன்னும் தண்ணீர் பாய்ச்சச் சொன்னால் என்ன ஆகும்?

மூன்றாவது, வெப்பக் கேமரா. இதில் உண்மையான அறிவியல் இருக்கிறது. தண்ணீர் போதாத செடி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. ஆவியாதல் குறைய, இலை சூடேறுகிறது. அந்தச் சூட்டை வைத்துப் பயிரின் தாகத்தை எண்ணாக்கும் முறையை 1981-இல் இட்ஸோ, ஜாக்சன் ஆகியோர் அமெரிக்காவின் அரிசோனாவில் வகுத்தார்கள். அரிசோனா வறண்ட பூமி. அங்கே தண்ணீர் உள்ள இலைக்கும் இல்லாத இலைக்கும் சூட்டில் நல்ல வித்தியாசம் தெரியும். நம் ஊரிலோ கடற்காற்று. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் நாம் தவிக்கிறோம், இலைக்கும் அதே கதைதான். வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. நடுவில் ஒரு மேகம் கடந்தால் கணக்கே மாறும்.

மண்ணின் ஈரத்தையே நேராக உணரக்கூடியது நுண்ணலை. ஐரோப்பிய விண்வெளி முகமை 2009-இல் ஏவிய ஸ்மோஸ் செயற்கைக்கோள் அந்த வகை. துலூஸ் நகரத்து விஞ்ஞானி யான் கெர் முன்னின்று உருவாக்கியது, அருமையான வேலை. ஆனால் அதுவும் உணர்வது மேலே ஏறக்குறைய 5 செ.மீ. மண்ணைத்தான். அதன் ஒரு புள்ளி சுமார் 40 கிலோமீட்டர் அகலம். நம் புதுச்சேரிப் பகுதி முழுவதும் சுமார் 290 சதுர கிலோமீட்டர்தான். அந்த ஒரு புள்ளிக்குள் நாமெல்லாரும் அடங்கி, விழுப்புரம், கடலூர்ப் பக்கமும் சேர்ந்துகொள்ளும்.

வேர் 5 செ.மீ.யில் நிற்பதில்லை. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு உளுந்து தெளிக்கிறோம். மாசியில் மேல்மண் வெளுத்து வெடித்துக் கிடக்கும். கீழே இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் உளுந்து பூத்துக் காய்க்கிறது. மேலிருந்து எடுத்த படம் அந்த மண்ணை 'வறட்சி' என்று சிவப்படிக்கும். கொல்லையில் நிற்கும் கிழவி காலால் கீறிப் பார்த்து "ஈரம் இருக்கு" என்பாள். நான் கிழவி பக்கம்.

அடுத்தது, இந்த விழுக்காடு. கோரிமேட்டில் செம்மண், கடலோரத்தில் மணல், பாகூர்ப் பக்கம் களி. மணலில் 12 விழுக்காடு ஈரம் என்றால் பயிர் நிம்மதியாக நிற்கும். கெட்டிக் களியில் அதே 12 விழுக்காடு என்றால் பயிர் வாடிவிடும். களி தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேருக்கு விடாது. எந்த மண் என்று தெரியாமல் சொல்லும் விழுக்காடு, எந்த நாட்டுப் பணம் என்று சொல்லாமல் சொல்லும் தொகை மாதிரி.

எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒரு வித்தியாசத்தில் மிகவும் கறாராக இருப்பார். 'மெசூர்' என்றால் அளவு. 'எஸ்திமாசியோன்' என்றால் மதிப்பீடு. மதிப்பீட்டை அளவு என்று எழுதினால் சுழி. ஈரத்துக்கு அளவு என்பது இதுதான்: மண்ணை எடுத்து எடை போடு, 105 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் உலர்த்து, மறுபடி எடை போடு. குறைந்தது எவ்வளவோ அதுதான் தண்ணீர். வள்ளுவரும் 1037-ஆம் குறளில் ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய்வதைப் பற்றிப் பேசுகிறார். அவரும் எடையில்தான் சொன்னார். மற்றதெல்லாம் மதிப்பீடு. மதிப்பீடு தவறல்ல, அதை அளவு என்று விற்பதுதான் தவறு.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவன். ஒரு எண் கோப்புக்குள் ஏறிவிட்டால் அதை இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இன்று விற்பனைக்குக் காட்டும் வண்ணப்படம் நாளை நிவாரணக் கோப்பில் வரும். பயிர்க் காப்பீட்டில் நெல், கோதுமை விளைச்சலைக் கணக்கிடுவதில் தொலையுணர்வு முறைக்கும் ஒரு பங்கு தரும் திட்டம் 2023-இல் வந்தாயிற்று. வறட்சியை அறிவிக்க மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட கையேடு செயற்கைக்கோள் குறியீடுகளைச் சேர்த்துக்கொண்டாலும், நிலத்தில் இறங்கிச் சரிபார்க்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. நடைமுறையில் எது முதலில் கைவிடப்படும்? படம் மேசைக்கே வரும். கள ஆய்வுக்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும். 'உங்கள் நிலம் பச்சையாக இருக்கிறது, நிவாரணம் இல்லை' என்று சொன்னால், அரைக் காணிக் குத்தகைக்காரன் எந்த அல்காரிதத்தின் மேல் மேல்முறையீடு செய்வான்?

ட்ரோனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பத்து காணி நிலத்தில் எந்த மூலை மற்ற மூலைகளைப் போல இல்லை என்று காட்டுவதில் அதற்கு இணையில்லை. வரப்பு கசியும் இடம், மடைத்தண்ணீர் எட்டாத மேடு இவற்றைப் பத்து நிமிடத்தில் காட்டும். அங்கே போய் மண்வெட்டி போடுங்கள். எங்கே தோண்டுவது என்று சொல்ல ட்ரோன், எவ்வளவு ஈரம் என்று சொல்ல மண்.

அதற்குக் கையடக்கக் கருவியும் இருக்கிறது. கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் விவசாயிகளுக்காகவே ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கம்பிகளை மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று விளக்கு எரியும். இங்கேயும் வண்ணம்தான், ஆனால் மண்ணைத் தொட்டுச் சொல்லும் வண்ணம். ஒவ்வொரு ஏரிப் பாசனச் சங்கத்துக்கும் நாலைந்து வாங்கிக் கொடுத்தபின் ட்ரோனைப் பற்றிப் பேசலாம்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நகரத்தில் இருப்பவர்கள் நம்மில் பலர். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து செல்போனில் நிலத்தின் படத்தைப் பார்த்து யோசனை சொல்கிறார்கள். அவர்களிடமும், விற்க வருகிறவர்களிடமும், படத்தைக் கோப்பில் வைக்கும் அதிகாரிகளிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த ஆழம்? எந்த மண்? எத்தனை இடத்தில் மண்ணெடுத்து எடை போட்டீர்கள்? எந்த நாள், எத்தனை மணிக்கு? நான்குக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பதில் இல்லாத படத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.