தேர்வு எழுதாத தண்ணீர்

ஒரு மாணவனின் மதிப்பெண் அட்டையில் ஐந்து பாடங்களுக்கு மதிப்பெண் இருக்கிறது. ஆறாவது பாடத்துக்கு எதிரே வெற்றிடம். அவன் அப்பாடத்தில் தேர்வே எழுதவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்தும், 'இவன் ஆறு பாடங்களிலும் தேறினான்' என்று ஒரு தலைமையாசிரியர் கையொப்பமிட்டால் ஊர் அவரைச் சும்மா விடுமா? ஆனால், நாம் நாள்தோறும் பருகும் தண்ணீருக்கு இத்தகைய கையொப்பம் இடப்படும்போது நாம் வாய் திறப்பதில்லை. 'தண்ணீர் தரத்துக்கு உட்பட்டே உள்ளது' என்னும் ஒற்றை வரியில் மனநிறைவு கொண்டுவிடுகிறோம். எந்தத் தரம்? எந்தெந்தப் பொருளுக்குச் சோதித்தார்கள்? எதைச் சோதிக்காமல் விட்டார்கள்? இம்மூன்று வினாக்களையும் உரத்துக் கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் நாட்டில் குடிநீர்க் கண்காணிப்பே இல்லை என்று கூறுவது நன்றி மறந்த பேச்சாகும். 1983ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு தேசியக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டத்தை நடத்தி வருகிறது. வாந்திபேதிக்கும் குடற்காய்ச்சலுக்கும் நம் பாட்டன்மார் பிள்ளைகளைப் பறிகொடுத்த காலம் மலையேறியதற்குக் குழாய் நீரும் குளோரினும் பெருங்காரணங்கள். 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட தரப்பட்டியலில் டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு ஒரு லிட்டருக்கு 0.002 மில்லிகிராம் என்றும், ஆல்டிரின், டீல்டிரின் ஆகியவற்றுக்கு 0.00003 மில்லிகிராம் என்றும் வரம்பு கட்டியிருக்கிறார்கள். மண்ணிலும் நீரிலும் நெடுநாள் அழியாது நிற்கும் நஞ்சுகளை அளந்தறிய வேண்டும் என்ற கொள்கை நமக்குப் புதியதன்று என்பதற்கு இதுவே சான்று. ஆனால், அப்பட்டியலில் இல்லாத ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. அதுவே நம் மதிப்பெண் அட்டையின் வெற்றிடம்.

அக்குடும்பத்தைச் சுருக்கமாகப் 'பிஃபாஸ்' என்பர். கரிமத்தையும் புளோரினையும் இறுகப் பிணைத்து மனிதன் ஆக்கிய ஆயிரக்கணக்கான செயற்கைப் பொருள்கள் அதில் அடங்கும். 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட டெஃப்லானும் இக்குலத்தைச் சேர்ந்ததே. ஒட்டாத வாணலி, கறை படியாத மெத்தைத் துணி, எண்ணெய் ஊறாத உணவுத்தாள், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை, மின்னணுச் சில்லுத் தயாரிப்பு என இவை புகாத இடம் குறைவு. அப்பிணைப்பை வெயிலும் மழையும் நுண்ணுயிரும் எளிதில் முறிப்பதில்லை. நம் உடலில் புகுந்தாலும் இவற்றுள் சில, பாதியளவாகக் குறைவதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகின்றன. இக்குடும்பத்தின் பி.எஃப்.ஓ.ஏ. என்னும் பொருள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2023இல் வகைப்படுத்தியது. 2024 ஏப்ரலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பி.எஃப்.ஓ.ஏ.வுக்கும் அதன் உறவான பி.எஃப்.ஓ.எஸ்.ஸுக்கும் குடிநீரில் லிட்டருக்கு 4 நானோகிராம் என வரம்பு விதித்தது. 25 இலட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் ஏறத்தாழ அரை அரிசி எடைக்கு மேல் இருக்கலாகாது என்பதே அதன் பொருள்.

இதைக் கேட்டவுடன் நம்மவர் சிலர், 'நாங்கள்தாம் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோமே!' என்பர். கொதிநீர் கிருமியைக் கொல்லும், பிஃபாஸைக் கொல்லாது. நீர் ஆவியாகிப் போக, நஞ்சு பின்தங்கும். ஆதலின் கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. அம்மா கற்பித்த நல்ல பழக்கத்தைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்பழக்கம் வேறொரு பகைவனுக்கு எடுத்த வாள் என்றே சொல்கிறேன்.

வேறு சிலர், 'கெட்ட தண்ணீராக இருந்தால் தெரியாமலா போகும்?' என்பர். 2019 மார்ச் மாதத்தில் நம் ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் வேதிக் கழிவைக் கொட்டினார்கள். மாணவர் மயங்கி விழுந்தனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீரில் துர்நாற்றம் வீசியதால் நான்கு சுத்திகரிப்பு ஆலைகள் நின்றன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நீர் வற்றியது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நம்மை எச்சரித்தது எது? மூக்கு! மணமும் நிறமும் சுவையும் இல்லாத நஞ்சுக்கு முன்னால் அக்காவற்காரன் குருடன். அதை அறியும் கண் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது.

இந்த அறியாமையை முதலாக்கிப் பணம் பண்ணுவோரும் உண்டு. நீர்வடிகட்டி விற்பவர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்தார். குழாய் நீர் ஒரு கோப்பையிலும் தம் கருவியின் நீர் மற்றொரு கோப்பையிலும் ஊற்றி, மின்கம்பிகள் பொருத்திய உலோகக் கோல்களை அமிழ்த்தினார். குழாய் நீர் நொடியில் பழுப்பேறிக் குழம்பியது. ஆசிரியைகள் திடுக்கிட்டனர். அறிவியல் பயின்றோர் அறிவர்: அப்பழுப்பு தண்ணீரின் அழுக்கன்று, மின்னோட்டத்தால் கரைந்த கோலின் இரும்பு. குழாய் நீரில் தாது உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது. உப்பு நீக்கிய நீரில் பாயவில்லை. அவ்வளவே. முறையாகப் பராமரிக்கும் எதிர்ச் சவ்வூடு கருவியும், காலத்தில் மாற்றப்படும் கரி வடிகட்டியும் பிஃபாஸைப் பெருமளவு குறைக்கும் என்பது உண்மையே. ஆனால், சோதனை என்ற பெயரில் வித்தை காட்டுவோரிடம் நம் பயத்தை ஏன் ஒப்படைக்க வேண்டும்? பொதுச் சோதனை இல்லாத இடத்தில்தான் போலிச் சோதனை கடை விரிக்கிறது.

சோதனை மட்டும் போதுமா? போதாது. முடிவு மக்கள் கைக்கு வர வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் என்றோர் ஊர். அதன் அருகே டூபான்ட் நிறுவனம் டெஃப்லான் செய்தது. 1984இலேயே அந்நிறுவனம் சுற்றுவட்டாரக் குழாய் நீரை எடுத்துச் சோதித்து, அதில் பி.எஃப்.ஓ.ஏ. கலந்திருப்பதை அறிந்துகொண்டது, அறிந்தும் ஊராருக்குச் சொல்லவில்லை. மாடுகளைப் பறிகொடுத்த ஓர் உழவர் ராபர்ட் பிலாட் என்னும் வழக்கறிஞரை நாடிய பின்னரே உண்மை வெளிவந்தது. வழக்கின் பயனாக ஏறத்தாழ 69,000 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. சிறுநீரகப் புற்று, விதைப்பைப் புற்று, தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் அந்நஞ்சுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012க்குள் அறிவியல் குழு கூறி முடித்தது. 1984இல் மேசை இழுப்பறையில் பூட்டிய தாளை அன்றே ஊர்ப் பலகையில் ஒட்டியிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்!

வெள்ளையர் நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பார்க்கு நம் இனத்தார் வாழும் யாழ்ப்பாணத்தைக் காட்டுகிறேன். சுன்னாகத்து மின்நிலையத்தைச் சூழ்ந்த வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. பாதுகாப்பானது என்றும் அன்று என்றும் முரண்பட்ட அறிக்கைகளுக்கிடையே மக்கள் தவித்தனர். 2015இல் தெருவில் இறங்கினர். 2019 ஏப்ரலில் இலங்கை உயர் நீதிமன்றம், அங்கு மின்னாக்கிய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணெயாவது நீரில் மிதந்து தன்னைக் காட்டிக்கொடுத்தது; பிஃபாஸ் அதுவும் செய்யாது. சென்னையிலோ, அந்நகரின் நீர்நிலைகளில் பிஃபாஸ் கலந்திருப்பதைச் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தேடியவர்க்கே அது கிடைத்தது.

இனி நம் மூவாருக்கு வருவோம். நெகிரி செம்பிலானில் தோன்றும் மூவார் ஆறு, தோட்டங்களையும் சிற்றூர்களையும் கடந்து, பாகோ, பஞ்சோர் வழியாக நம் ஊரில் கடல் சேர்கிறது. மேலே ஒரு மாநிலத்தார் விடும் கழிவு, கீழே மற்றொரு மாநிலத்தாரின் குவளைக்கு வரும் வழி இது. நம் ஊர் நாடறிந்த தளவாட நகரம். மின்னணுத் தொழிலும் இங்கே அரை நூற்றாண்டாக உண்டு. இத்தொழில்கள் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகின்றன. இன்ன ஆலை இன்ன நஞ்சை விட்டது என்று நான் குற்றம் சாட்டவில்லை, சாட்டுதற்குச் சான்றில்லை. சான்று தேடப்பட வேண்டும் என்பதே என் வழக்கு. குப்பை மேடுகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் அண்டையிலும், தோட்டத்து மூலைகளிலும் இன்னும் கிணற்று நீரைப் புழங்கும் வீடுகள் உள்ளன. குழாய் நீருக்கேனும் கேட்பதற்கு ஓர் அலுவலகம் உண்டு. வீட்டுக் கிணற்றுக்கு யார் பொறுப்பு?

'செலவாகும்' என்பர் சிலர். 'மக்கள் பீதியடைவர்' என்பர் சிலர். வீட்டுக்கு வீடு சோதிக்க யார் சொன்னார்? ஆற்றில் நீர் எடுக்கும் இடத்திலும், ஆலையிலிருந்து நீர் வெளியேறும் இடத்திலும், ஐயத்துக்குரிய நிலங்களை அடுத்த கிணறுகளிலும் ஆண்டுக்கு இருமுறை மாதிரி எடுத்தால் தொடக்கத்துக்குப் போதும். பீதியை வளர்ப்பது உண்மையன்று, மௌனமே. மேலும், அளவீட்டின் ஆற்றலை இந்நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைகளின் கழிவு ஆறுகளைக் கருக்கிய காலத்தில், 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் விதிகள் பிறந்தன. கழிவுநீரின் உயிர்வளித் தேவைக்கு 1978இல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என இருந்த வரம்பு, படிப்படியாக இறங்கி 1984இல் 100 ஆயிற்று. ஆலைகள் மூடப்பட்டனவா? இல்லை; தொழில் வளர்ந்தது. அளந்தார்கள், ஆதலால் திருத்தினார்கள்.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பிஃபாஸ் குடும்பத்தின் முதன்மையான பொருள்களைக் குடிநீர்ச் சோதனையில் சேர்த்துச் சட்ட வரம்பு வகுக்க வேண்டும். இரண்டு, பொதுக் குழாய் எட்டாத கிணறுகளுக்கு அரசு இலவசமாகச் சோதனை செய்து தர வேண்டும். மாசுக்குக் காரணமானவர் கண்டறியப்பட்டால் செலவு அவருடையது. மூன்று, முடிவுகளை மலாய், தமிழ், சீனம் ஆகிய மொழிகளில் பள்ளிகளிலும் சமூக மண்டபங்களிலும் எல்லாரும் காண ஒட்ட வேண்டும்.

இவை அரசியல்வாதிகளின் வேலை என்று ஒதுங்குவோர்க்கு ஒரு சொல். வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார். நாமோ தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைத்து, முன்பின் அறியாதவர் தாகத்தையும் தீர்க்கும் மரபினர். வழிப்போக்கனுக்கு நல்ல நீர் தருவது அறமென்றால், நம் பள்ளிக் குழாயில் வாய் வைத்துக் குடிக்கும் ஏழு வயதுக் குழந்தைக்கு அந்நீரில் என்ன இருக்கிறது என்று கேட்டுச் சொல்வது அதனினும் பெரிய அறம் அன்றோ? பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிருவாகங்களும் எழுத்தாளர் சங்கங்களும் இவ்வாண்டே ஒரு கடிதம் எழுதட்டும். பதில் வரும்வரை மீண்டும் எழுதட்டும். வெற்றிடம் இருக்கும் அட்டையில் இனியும் நாம் கையொப்பமிட வேண்டா.