அஷ்டமி நிலா

ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி தினம். 2025-இல் அன்று அமாவாசை. வினாடி வினாவும் ராக்கெட் மாதிரியும் எந்தத் திதியிலும் நடக்கும், தொலைநோக்கிக்கு நிலா வேண்டுமே. வான்நோக்கும் நிகழ்ச்சியை மட்டுமாவது அந்தத் தேதியை ஒட்டி வரும் வளர்பிறை அஷ்டமிக்கு மாற்றலாம். பௌர்ணமியில் வெயில் நேராக விழுவதால் நிலா வெறும் வெள்ளைத் தட்டு. பாதி நிலாவிலோ ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்புகள் நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும், சிறிய தொலைநோக்கியிலேயே. நல்ல காரியத்துக்கு ஆகாத திதி இதற்கு மட்டும் ஆகும்! தேதிதானே வரலாறு என்பார்கள். 2023-இல் அந்தத் தேதி அமைந்ததே நிலாவின் கணக்கில்தான்: சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் நிலாவில் இறங்கிய இடத்தில் அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது, கருவிகள் இயங்க 14 நாள் பகல் முழுதும் தேவைப்பட்டது. இங்கே அன்று சப்தமி. நகர வெளிச்சம் மறைத்துவிடும் என்பதும் பொருந்தாது. அது மங்கலான நட்சத்திரங்களைத்தான் விழுங்கும், தேனாம்பேட்டை சிக்னலில் நின்று அண்ணாந்தாலும் நிலா தெரியும். ஆகஸ்ட் மாலை மழை ஒன்றுதான் நியாயமான ஆட்சேபம். அதற்குச் சப்தமி முதல் தசமி வரை நாலு மாலைகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அஷ்டமி நிலா நள்ளிரவை ஒட்டித்தான் மறையும், மேகம் விலகக் காத்திருக்கவும் நேரம் உண்டு.