பெயர் போதும், பொருள் சொல்லுங்கள்

ஸ்கேன் என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன என்று நம் அறிஞர்கள் பல ஆண்டுகளாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். யோசிக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விருதுநகர்ப் பஸ் நிலையத்தில் பெரிய உறை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் மனிதருக்கு அந்தக் கவலை இல்லை. ஸ்கேன் என்ற சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். உறைக்குள் இருக்கும் காகிதம் தம் நுரையீரலைப் பற்றி என்ன சொல்கிறது என்பதுதான் தெரியாது. நுரையீரல் அவருடையது, கொடுத்த பணமும் அவருடையது. பாஷை மட்டும் வேறு யாருடையதோ!

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் பெயரைத் தமிழாக்குவது அவசரமான காரியம் அல்ல. அறிக்கையின் பொருளைத் தமிழில் சொல்வதுதான் அவசரம். முதலாவதற்காகச் சண்டை போட்டுக்கொண்டே நாம் இரண்டாவதை மறந்துவிட்டோம்.

பாஷைத் தூய்மையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு உள்ள பிடிவாதம் உலகப் பிரசித்தம். சி.டி. ஸ்கேனுக்கு அவர்களிடமும் 'தோமோதான்சித்தோமெத்ரீ' என்று ஒரு நீளமான சொல் உண்டு. ஜனங்கள் அதை டாக்டர்களிடமே விட்டுவிட்டு, ஆங்கிலத்திலிருந்து வாங்கிய 'ஸ்கானேர்' என்ற சொல்லைத்தான் வழங்குகிறார்கள். அதனால் பிரான்ஸ் மூழ்கிவிடவில்லை. ஏன்? அறிக்கை முழுவதும் பிரெஞ்சில் இருக்கிறது!

அந்த அறிக்கையை ஆங்கிலமாக்குகிறவர் படும் பாட்டைப் பாருங்கள். பிரெஞ்சில் 'ராதியோ' என்றால் பாட்டுக் கேட்கும் ரேடியோவும் உண்டு, எக்ஸ்ரே படமும் உண்டு. 'ஸ்கானேர்' இயந்திரத்துக்கும் பெயர். அதில் செய்துகொள்ளும் பரிசோதனைக்கும் பெயர். பிரெஞ்சுக் கர்ப்பிணி 'ஏகோ' எடுத்தேன் என்றால், வயிற்றிலுள்ள குழந்தையைப் பார்த்த அல்ட்ராசவுண்ட் என்று அர்த்தம். அதையே ஆங்கிலத்தில் 'எக்கோ' என்று எழுதிவிட்டால், படிக்கிற டாக்டர் அவளுடைய இருதயத்துக்கு என்னவோ என்று நினைப்பார். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆகையால் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. கட்டிலில் கிடப்பவரையும் சேர்த்துப் பார்க்கிறார்.

சிவகாசிக்காரர்களுக்கு இந்தச் சூட்சுமத்தை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஊரில் 'மருந்து' என்றால் உயிரைக் காப்பதும் மருந்து, உயிரை வாங்குவதும் மருந்து. ஆலையில் சொன்னால் ஒன்று, ஆஸ்பத்திரியில் சொன்னால் மற்றொன்று. ராக்கெட்டை ராக்கெட் என்றே வைத்துக்கொண்டு, புஸ்வாணத்துக்கும் சங்குச் சக்கரத்துக்கும் தமிழில் பெயர் சொன்ன ஜனங்கள் அவர்கள். எதை வாங்கிக்கொள்வது, எதை ஆக்கிக்கொள்வது என்பது அவர்களுக்குத் தெரியும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு தொழிலாளியிடம் 'பேரியம் மீல்' எடுக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? பேரியம் அவருக்குத் தெரியாததா? மத்தாப்பில் பச்சை ஒளி தருவது பேரியம் நைட்ரேட், அது நஞ்சு. பட்டாசில் பேரியம் உப்புகள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்த பிறகு, அந்தச் சொல் வழக்குச் சொல்லாகவும் ஆகிவிட்டது. அதைக் குடி என்கிறார்கள்! 'மீல்' என்றால் சாப்பாடு என்கிறான் பள்ளிக்கூடம் போகும் மகன். வெறும் வயிற்றோடு வா என்கிறது சீட்டு. மனிதர் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டால், குற்றம் அவருடையதா? "படத்தில் வயிற்றின் வடிவம் தெரிவதற்காகக் குடிக்கும் வெள்ளைக் கூழ். இது பேரியம் சல்பேட், கரையாமல் வெளியேறிவிடும். பட்டாசுக்குப் போடும் உப்பு வேறு" என்று இரண்டு வரி எழுதத் தமிழில் என்ன தடை?

நோயாளியின் பயத்துக்காகச் சொல்லையே மாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்திலேயே மாற்றியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஆய்வின் பழைய பெயரில் அணுக்கருவைக் குறிக்கும் 'நியூக்ளியர்' என்ற சொல் இருந்தது. அணுகுண்டு ஞாபகம் வந்து ஜனங்கள் மிரளுவார்கள் என்று அதை எடுத்துவிட்டார்கள். நம்மவர்களோ 'காந்த அதிர்வு அலை வரைவு' என்று பெயர் சூட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று எழுந்து போகிறார்கள். அதன் கீழே வரும் 'அன்ரிமார்க்கபிள்' என்ற சொல்லை யார் விளக்குவது? அகராதியைப் புரட்டினால் 'குறிப்பிடத் தகுதியற்றது' என்று வரும். சரியான தமிழ், 'கோளாறு ஒன்றும் இல்லை' என்பது. அந்த மூன்று சொற்கள் கிடைக்காமல் எத்தனை வீடுகளில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது!

தமிழால் முடியாது என்பவர்களுக்கு ஒரே பதில். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, ரண வைத்தியம், பிரசவம், ரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழில் நூல் செய்தார். அவர் 1884-இல் காலமானார். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டது 1895-இல். இருந்திருந்தால் அதற்கும் ஒரு தமிழ்ப் புத்தகம் எழுதியிருப்பார். அயல் நாட்டவரால் முடிந்தது நமக்கு முடியாதா?

தமிழில் எழுதினால் நோயாளி தவறாகப் புரிந்துகொள்வார் என்கிறார்கள் சில டாக்டர்கள். இப்போது மட்டும் என்ன? மருந்துக் கடைப் பையனிடமும் எதிர் வீட்டுக் கல்லூரி மாணவியிடமும் நீட்டி, மூன்று பேர் சொல்லும் மூன்று அர்த்தங்களைக் கேட்டுத் தவிக்கிறார். தவறு இப்போதும் நடக்கிறது. தெரிந்தவர் எழுதாததால் நடக்கிறது.

நான் கேட்பது அதிகமில்லை. டாக்டருக்கு டாக்டர் எழுதும் ஆங்கிலம் அப்படியே இருக்கட்டும். 'இம்ப்ரெஷன்' என்று கடைசியில் ஒரு தலைப்புப் போட்டு எழுதுகிறார்களே, அதன் கீழே 'முடிவு' என்று தமிழில் நான்கு வரி. என்ன தெரிந்தது, என்ன இல்லை, அடுத்து யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை நாளுக்குள். அவ்வளவுதான்.

விருதுநகரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாகிவிட்டது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த நான்கு வரி எழுதப் பழக்கலாம். பக்கத்திலேயே சிவகாசி, தேசத்துக்கெல்லாம் காலண்டரும் டைரியும் லேபிலும் அச்சடித்துக் கொடுக்கிற ஊர். அச்சுக்கும் காகிதத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. எழுதிக் கொடுப்பதற்கு டாக்டர்களுக்கு மனம்தான் வேண்டும்.